ஸ்பெர்லோங்கா: பிள்ளைகளோடு ஓர் இத்தாலியக் கடற்கரைக் கிராமத்துக்குப் போகிறவர்களுக்கு

இத்தாலிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பெரும்பாலும் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று ஒரே ஓட்டமாக ஓடுகிறார்கள். ஐந்தாம் நாள் பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள், பெரியவர்களுக்கு முழங்கால் வலி வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, பயணத்தின் நடுவில் மூன்று இரவுகளை ஒரு கடற்கரைக் கிராமத்துக்கு ஒதுக்குவதுதான். நான் திரும்பத் திரும்பப் போவது ஸ்பெர்லோங்காவுக்கு. ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவே, லாத்தினா மாவட்டத்தில் இருக்கிறது. சுமார் மூவாயிரம் பேர் வாழும் ஊர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை மேட்டின் மேல் சுண்ணாம்பு அடித்த வெள்ளை வீடுகள், மேட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய மணல். கரையிலிருந்து தண்ணீர் மெதுவாகத்தான் ஆழமாகிறது. மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு என்பதால் காலையில் விரித்த துண்டு மாலையிலும் நனையாமல் இருக்கும்.

ஆனால் இந்த ஊர் எல்லா நாளும் அமைதியாக இருக்காது. ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை காலையில் அலைச் சத்தமும் குழந்தைகளின் குரலும் மட்டும் கேட்கும். அதே இடத்தில் ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை மதியம் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் எந்த நாளில், எந்த நேரத்தில் போவது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் தேதி

இந்தப் பகுதியில் பள்ளிகள் ஜூன் இரண்டாம் வாரத்தில் மூடி செப்டம்பர் நடுவில் திறக்கின்றன. ஜூன் மாதத்து வார நாட்களும், பள்ளி திறந்த பிறகு வரும் செப்டம்பர் வாரங்களும்தான் நமக்கானவை. ஜூன் தொடக்கத்தில் கடல் 20, 21 டிகிரியில் சற்றுக் குளிராக இருக்கும். நம் பிள்ளைகள் முதல் ஐந்து நிமிடம் கத்துவார்கள், அப்புறம் வெளியே வர மாட்டார்கள். செப்டம்பரில் கோடை முழுவதும் வாங்கிய சூட்டைக் கடல் விடாமல் வைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டுமென்றால் செப்டம்பர், நீண்ட பகல் வேண்டுமென்றால் ஜூன். ஜூன் கடைசியில் இரவு எட்டே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும்.

தவிர்க்க வேண்டியது ஆகஸ்ட். அதிலும் 15ஆம் தேதி ஃபெராகோஸ்தோ என்ற விடுமுறை. அந்த வாரம் முழு நாடும் கடலோரத்தில்தான் இருக்கும். வாடகை வீடுகளைச் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை முழு வாரமாகத்தான் தருவார்கள். ஜூன் 2 குடியரசு நாள், அதை ஒட்டிய வார இறுதியும் வேண்டாம்.

போய்ச் சேருவது

ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து ஃபோர்மியா அல்லது நேப்பிள்ஸ் போகும் வட்டார ரயிலில் ஏறுங்கள். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் ஃபோந்தி ஸ்பெர்லோங்கா. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வட்டார ரயிலில் இருக்கை எண் கிடையாது, முன்பதிவும் தேவையில்லை. பேப்பர் டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம். கைப்பேசியில் வாங்கினால் ரயில் புறப்படும் முன் அதிலேயே 'செக்-இன்' செய்ய வேண்டும்.

வழியில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் ஒன்று வரும். 1927இல் திறந்த பாதை அது. அதைத் தாண்டி வெளிச்சம் வந்ததும் மோந்தே சான் பியாஜோ நிலையம் கடக்கும். அப்போதே பைகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள், அடுத்தது ஃபோந்தி. சமவெளி முழுவதும் பசுமைக் குடில்களும் காய்கறித் தோட்டங்களுமாக இருக்கும். சாலையோரம் தலைப்பாகையோடு சைக்கிளில் போகிறவர்களைப் பார்த்தால் வியக்க வேண்டாம். லாத்தினா மாவட்டத்தின் விவசாயம் பல ஆண்டுகளாகப் பஞ்சாபிலிருந்து வந்த தொழிலாளர்களின் உழைப்பில் நடக்கிறது. மிகக் குறைந்த கூலிக்கு வெயிலில் வேலை செய்கிறவர்கள் அதில் பலர். ஒரு வணக்கம் சொன்னால் முகம் மலரும்.

நிலையத்திலிருந்து கடற்கரைக்கு இன்னும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். சின்னப் பேருந்து உண்டு, ஆனால் அது நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும் பேருந்து இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் இன்னும் குறையும். முதல் முறை நாங்கள் போனது ஒரு ஞாயிறு. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைய வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். அன்றிலிருந்து வாரநாளில்தான் போகிறேன். தங்கும் வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் முன்பே ரயில் நேரத்தைச் சொல்லி, அழைத்துப்போக டாக்சி ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் யாரையாவது அனுப்புகிறார்கள்.

காரில் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தரையில் நீலக் கோடு என்றால் காசு கொடுத்து நிறுத்துவது, வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு நமக்கில்லை.

எங்கே தங்குவது

படங்களில் பார்க்கிற வெள்ளைச் சந்துகள் எல்லாம் மேட்டின் மேல். அங்கே வீடு எடுத்தால் சன்னலைத் திறந்தாலே கடல்தான், ஆனால் எங்கு போனாலும் படிக்கட்டு. தள்ளுவண்டியில் போகும் குழந்தையோ வயதான தாய் தந்தையோ கூட வந்தால் மேட்டின் கீழே, பொனெந்தே என்ற மேற்குக் கரைப் பக்கம் வீடு பாருங்கள். அங்கே தரை சமமாக இருக்கும், மளிகைக் கடையும் நடை தூரத்தில் கிடைக்கும். சமையலறை உள்ள வீடு என்றால் நமக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

பாஸ்போர்ட் கேட்பார்கள், சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதால் தயங்காமல் காட்டலாம். பல ஊர்களில் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரியும் தனியாக வாங்குவார்கள், அதற்குச் சில்லறை வைத்திருங்கள்.

கரையில் எந்த இடம் யாருடையது

புதிதாகப் போகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

இத்தாலியில் கடற்கரை அரசின் சொத்து. ஆனால் கரையின் பெரும்பகுதியை உரிமம் பெற்றவர்கள் நடத்துகிறார்கள். ஒரே நிறக் குடைகள் வரிசை வரிசையாக நட்டிருந்தால் அது அப்படிப்பட்ட இடம். லீடோ என்றும் ஸ்டாபிலிமென்தோ என்றும் சொல்வார்கள். நடுநடுவே குடைகள் இல்லாத திறந்த மணல் இருக்கும். அது ஸ்பியாஜ்ஜா லீபெரா, அதாவது எல்லோருக்குமான இலவசக் கரை.

லீடோவில் ஒரு குடை, இரண்டு சாய்வுக் கட்டில் சேர்த்து ஒரு நாளைக்குப் பெரும்பாலும் 20 முதல் 40 யூரோ ஆகும். தண்ணீருக்குப் பக்கத்து வரிசை விலை கூடுதல். பருவத்துக்கும் ஏற்ப மாறும். கழிப்பறை, குளிக்க நல்ல தண்ணீர், உடை மாற்ற அறை, காப்பிக் கடை எல்லாம் அங்கேயே. சின்னக் குழந்தை இருந்தால் இந்தக் காசு வீண் இல்லை. வாசலில் இருப்பவரிடம் "ஊன் ஓம்ப்ரெல்லோனே எ துவே லெத்தீனி, பெர் ஃபவோரே" என்று சொன்னால் போதும். குடையும் இரண்டு கட்டிலும் வேண்டும் என்று பொருள். காலியாகத் தெரிகிறதே என்று நாமாகப் போய் ஒரு குடையின் கீழ் உட்காரக் கூடாது. முன்வரிசைக் குடைகள் பலவற்றை உள்ளூர்க் குடும்பங்கள் முழுக் கோடைக்கும் எடுத்து வைத்திருப்பார்கள். சில வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து அதே குடை, அதே பக்கத்துக் குடைக்காரர்கள்.

இலவசக் கரையில் நம் குடை, நம் துண்டு, நம் சாப்பாடு. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதுதான் சரியான இடம், லீடோவில் வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்தால் சிலர் முகம் சுளிப்பார்கள். காலை ஒன்பதுக்குள் போனால் நல்ல இடம் கிடைக்கும். குடையை ஊர்க் கடையிலேயே வாங்கலாம், மணலில் ஆழமாகத் திருகி நடவேண்டும். இரவில் அங்கேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது, அதிகாரிகள் எடுத்துச் சென்றுவிடுவார்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அலை வந்து தொடும் ஓரம் யாருக்கும் சொந்தமில்லை. லீடோவின் முன்னாலும் நீங்கள் தாராளமாக நடக்கலாம், கடலில் இறங்கலாம், கடலுக்குப் போக அவர்களின் வழியாகக் கடந்தும் போகலாம். அதற்குக் காசு கேட்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அந்த 5 மீட்டர் ஓரத்தில் துண்டு விரிக்கவோ குடை நடவோ கூடாது. யாராவது தடுத்தால் புன்னகையோடு "பெர்மெஸ்ஸோ" (கொஞ்சம் வழிவிடுங்கள்) என்று சொல்லிவிட்டு நடந்து போங்கள்.

எந்தப் பக்கக் கரை

மேட்டின் மேற்கே பொனெந்தே, கிழக்கே லெவாந்தே. பொனெந்தே நீண்டு தெர்ராச்சினா பக்கம் போகிறது. அகலமான மணல், நிறைய லீடோக்கள். வானம் தெளிந்த நாளில் தூரத்தில் சிர்ச்செயோ மலை தனித் தீவு போலத் தெரியும். லெவாந்தே சின்னது, ஒரு பக்கம் ஊர் மேடு, மறுபக்கம் திபேரியஸ் மன்னனின் குகை, நடுவில் வளைந்த கரை. மேற்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில் மேடு அதைத் தடுத்துவிடுவதால் லெவாந்தே குளம் போலக் கிடக்கும். தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ என்ற காற்று அடித்தால் இதற்கு நேர்மாறு. காலையில் எழுந்ததும் மேட்டின் மேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இது இந்த ஊரின் பெரிய வசதி. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நான் லெவாந்தேயைத்தான் சொல்வேன்.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

உள்ளூர்க்காரர்கள் செய்வதை அப்படியே செய்யுங்கள். எட்டரை மணிக்குக் கரை. அந்த நேரத்துக் கடலில் காற்று இருக்காது, தண்ணீருக்கு அடியில் மணல் வரி வரியாகத் தெரியும். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி வீட்டுக்கு. ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும், கடைகள் பலவும் மூடியிருக்கும். தெற்கு இத்தாலியில் இந்த நேரத்துக்குக் கொன்த்ரோரா என்று தனிப் பெயரே உண்டு. சாப்பிட்டுத் தூங்குங்கள். வெயில் தாழ்ந்த பிறகு நாலரை, ஐந்து மணிக்கு மறுபடி கடல். பிற்பகலில் கடற்காற்று எழுவதால் அலை கொஞ்சம் கூடியிருக்கும், பெரிய பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம்.

சாப்பிட்ட உடனே நம் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினால் பக்கத்துக் குடைப் பாட்டிகள் பதறுவார்கள். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மூன்று மணி நேரம் குளிக்கக் கூடாது என்பது இத்தாலியத் தாய்மார்களின் உறுதியான நம்பிக்கை. அந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன். இரண்டாம் நாளே அவர்கள் நம் பிள்ளைக்கும் பீச் பழம் நறுக்கித் தருவார்கள்.

உடை பற்றி நம்மவர்கள் நிறையக் கேட்கிறார்கள். அங்கே பாட்டிகளும் நீச்சல் உடையில்தான் இருப்பார்கள், அவர்கள் யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. முழுக்கை நீச்சல் சட்டை, லெக்கிங்ஸ் போட்டு இறங்கினாலும் பிரச்சினை இல்லை. வெயிலுக்கும் அது நல்லதுதான். தண்ணீரில் கனத்து இழுக்கும் பருத்திச் சுடிதாரும் புடவையும் மட்டும் வேண்டாம். கரையைவிட்டு ஊருக்குள் ஏறும்போது மேலே ஒரு சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

இதை அவசரமில்லாமல் படியுங்கள். கரையில் உயரமான நாற்காலியில் சிவப்பு உடையில் உட்கார்ந்திருப்பவர் பான்யீனோ, அதாவது உயிர்காப்பாளர். அவர் பக்கத்தில் ஒரு கொடிக்கம்பம் இருக்கும். வெள்ளைக் கொடி என்றால் குளிக்கலாம். சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. மஞ்சள் என்றால் பலத்த காற்று, குடைகளை மடக்கிவிட வேண்டும். காற்றில் பறக்கும் குடை ஆளைக் காயப்படுத்திவிடும். கடலில் மிதக்கும் சிவப்புப் பந்துகள் குளிக்கும் எல்லையைக் காட்டுகின்றன, அதற்கு அப்பால் படகுகள் வரும்.

இந்தக் கடல் சாந்தமாகத் தெரிவதால் பெற்றோர் கவனம் தளரும். அன்னப்பறவை, முதலை வடிவ ஊதுமிதவைகளைக் கவனியுங்கள். கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும்போது அவை பிள்ளையோடு சேர்ந்து சத்தமில்லாமல் தள்ளிப் போய்விடும். நான் அவற்றை மணலில் மட்டும்தான் அனுமதிப்பேன்.

ஜெல்லி மீன் (நம் மீனவர்கள் சொறி என்பார்கள்) சில நாட்களில் வரும். பட்டுவிட்டால் கடல் தண்ணீரிலேயே கழுவ வேண்டும், குழாய்த் தண்ணீரும் தேய்ப்பதும் எரிச்சலைக் கூட்டும். இன்னொன்று த்ராச்சினா என்ற சின்ன மீன். கரையோர மணலில் புதைந்து கிடக்கும், மிதித்தால் முதுகு முள் குத்திக் கடுமையாக வலிக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் பாதத்தை அரை மணி நேரமாவது வைத்திருந்தால் வலி இறங்கும், அந்த விஷம் சூட்டில் சிதைகிறது. பான்யீனோவிடம் போய் "த்ராச்சினா" என்றாலே புரிந்துகொண்டு வெந்நீர் கொண்டுவருவார். ரப்பர் அடியுள்ள கடற்கரைக் காலணி போட்டுவிட்டால் இந்தக் கவலையே இருக்காது.

கடலில் ஆபத்து என்றால் 1530, கடலோரக் காவல் படை. மற்ற எல்லா அவசரத்துக்கும் 112. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

சாப்பாடு

சைவக்காரர்கள் இந்தப் பகுதியில் பசியோடு இருக்க வாய்ப்பில்லை. ஃபோந்தியிலும் ஸ்பெர்லோங்காவிலும் எருமைப் பாலில் செய்யும் மொஸரெல்லா பாலாடைக்கட்டி அன்றன்று கிடைக்கும். குளிர்பெட்டியில் வைக்காமல் அதன் நீரிலேயே வைத்து அன்றே சாப்பிட வேண்டும். ஸ்பெர்லோங்காவின் வெள்ளைச் செலரி புவிசார் பெயர்ப் பாதுகாப்புப் பெற்றது, கடித்தால் இனிப்பும் மணமுமாக இருக்கும். பக்கத்து ஊரான காயேத்தாவின் ஆலிவ் சின்னதாக, ஊதாவாக, லேசான கசப்போடு இருக்கும். அதே ஊரின் தியெல்லா, இரண்டு மாவு அப்பங்களுக்கு நடுவே பூரணம் வைத்துச் சுட்டது. மீனவர்கள் கடலுக்குக் கட்டிக்கொண்டு போன சாப்பாடு என்பார்கள். பெரும்பாலும் சாக்குக் கணவாய் (ஆக்டோபஸ்) இருக்கும். கீரை வைத்ததும் உண்டு, ஆனால் அதில் நெத்திலி கலந்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். "சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே" என்றால் இறைச்சியும் மீனும் இல்லாமல்.

மீன் சாப்பிடுகிறவர்கள் விலைப்பட்டியலில் 'எத்தோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது 100 கிராம். எத்தோ 6 யூரோ என்று எழுதியிருந்தால் 600 கிராம் மீனுக்கு 36 யூரோ. சமைக்கும் முன் எடையைக் காட்டச் சொல்வது அங்கே வழக்கம்தான். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் பெரும்பாலான உணவகங்களில் கிடைக்காது. பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு எடைபோட்டு வெட்டித் தரும் பீட்சா வாங்கிக் கொடுத்துவிடலாம்.

கரையில் "கோக்கோ பெல்லோ!" என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். தேங்காய்ச் சில்லு விற்கிறவர். முதல் முறை கேட்டபோது என் அம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். பை, கண்ணாடி, கைக்கடிகாரம் விற்கிறவர்களும் வருவார்கள். போலிச் சரக்கை வாங்கினால் வாங்கியவருக்கே குறைந்தது 300 யூரோ அபராதம் விதிக்கச் சட்டம் உண்டு. மணலையும் கடற்கரைக் கற்களையும் நினைவுக்காக எடுத்து வருவதும் குற்றம், பிள்ளைகளின் வாளியைக் கிளம்பும்போது கொட்டிவிடுங்கள்.

குகைக்கு ஒரு காலை

மூன்று நாளில் ஒரு காலையை மட்டும் இதற்குக் கொடுங்கள். லெவாந்தே கரையின் கடைசியில் தெரியும் பெரிய குகைதான் இந்த ஊருக்குப் பெயர் தந்தது. லத்தீனில் ஸ்பெலுங்கா என்றால் குகை. ரோமப் பேரரசன் திபேரியஸ் இதை விருந்து மண்டபமாக வைத்திருந்தான். குகைக்கு முன்னால் மீன் தொட்டிகள், தண்ணீருக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட ஒரு மேடை. கி.பி. 26இல் விருந்தின் நடுவே கூரையிலிருந்து பாறைகள் விழுந்தன என்றும், தளபதி செஜானஸ் தன் உடலால் அரசனை மறைத்துக் காப்பாற்றினான் என்றும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.

1957இல் கடலோரச் சாலை போடும்போது இங்கே ஆயிரக்கணக்கான பளிங்குத் துண்டுகள் கிடைத்தன. ஒற்றைக்கண் அரக்கனைக் கிரேக்கக் காவிய வீரன் ஒடிசியஸ் குருடாக்கும் காட்சி, மாலுமிகளைக் கவ்வும் ஸ்கில்லா என்ற கடல் அரக்கி என்று பிரம்மாண்டமான சிலைகளின் துண்டுகள். அவற்றை ரோமுக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்தபோது ஊர் மக்கள் வண்டிகள் போகாதபடி வழியை மறித்து நின்றார்கள். கடைசியில் அரசு இறங்கி வந்து, 1963இல் குகைக்குப் பக்கத்திலேயே அருங்காட்சியகம் திறந்தது. மீன்பிடித்தும் தோட்டம் வைத்தும் வாழ்ந்த ஒரு சின்ன ஊர் தன் கல்லை விட்டுத்தரவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. பிள்ளைகளுக்குச் சிலைக் கதையோடு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

அரசு அருங்காட்சியகம் என்பதால் 18 வயதுக்குக் கீழ் இலவசம், மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். வாசல் சாலைப் பக்கம் இருக்கிறது. காலை வெயில் ஏறுவதற்குள் போய், முதலில் குகை, பிறகு உள்ளே சிலைகள் என்று பார்த்தால் பிள்ளைகள் சோர மாட்டார்கள்.

மாலை

ஏழு மணிக்குக் குளித்து, நல்ல உடை உடுத்தி, ஊரே மேட்டின் மேல் நடக்க வரும். நீங்களும் ஏறுங்கள். சந்துகள் குறுகலானவை, ஒரே மாதிரியானவை, ஆனால் தொலைந்துபோக முடியாத அளவுக்குச் சின்ன ஊர். 1534இல் ஒட்டோமான் துருக்கியரின் கடற்படைத் தலைவன் பார்பரோசாவின் கப்பற்படை இந்த ஊரைச் சூறையாடியது. ஃபோந்தியின் அழகி ஜூலியா கொன்சாகாவைத் தூக்கிப் போகத்தான் வந்தான் என்றும், அவள் இரவோடு இரவாகத் தப்பினாள் என்றும் சொல்வார்கள். அந்தக் கதையை ஒரு சுவரில் தீட்டி வைத்திருக்கிறார்கள், தேடிக் கண்டுபிடிப்பதைப் பிள்ளைகளுக்கு வேலையாகக் கொடுங்கள். மேட்டின் நுனியில் கடலுக்குள் நிற்பது த்ருல்யா காவல் கோபுரம்.

சதுக்கத்தில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு பெஞ்சில் உட்காருங்கள். பத்து மணி வரை உள்ளூர்ப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். மொழி தெரியாமலே உங்கள் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வார்கள். திரும்பும்போது லெவாந்தே பக்கத்துப் படிகள் இருட்டாக இருக்கும், சின்ன டார்ச் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.